அலைகளின் மேல் ஓர் அடுப்பு

(எமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சிறிய பாய்ப்படகுகளிலே பெருஞ் சமுத்திரங்களைக் கடப்போரின் சமையலும் சாப்பாடுமாகும். மலைகள் சூழ்ந்த மாத்தளையிலே, கடற்காற்றே படாத ஊரிலே, இதனைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் கடலுக்கும் எமது மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. நம் தோட்டங்களில் விளையும் மிளகு, கராம்பு, சாதிக்காய் முதலிய சரக்குகளைத் தேடியே அக்காலத்து ஐரோப்பியர் கப்பலேறினர். பின்னர், கோப்பிக் காலத்திலே, தமிழகக் கரையிலே தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே பல நாள் நடந்து மாத்தளையை வந்தடைந்தவர்கள் நம்மிற் பலருடைய மூதாதையர். அவர்களை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் தேதி தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி, ஆகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையிலே நிறைவுற்றதை நீங்கள் அறிவீர்கள். நாம் கடலை மறந்தாலும், நம் குடும்பக் கதைகளிலிருந்து கடல் நீங்கவில்லை.

அன்னபூரணி என்ற பெயரை அறியாத இந்துக் குடும்பம் இல்லை. காசியிலே கையிற் கரண்டியேந்தி நின்று, பிச்சை ஏற்க வந்த பெருமானுக்கே அன்னமிட்ட தாய் அவள். அவளுடைய பெயரைத் தாங்கிய பாய்க்கப்பல் ஒன்று வடபகுதியிலே, வல்வெட்டித்துறைக் கரையிலே, நம்மவர் கைகளாற் கட்டப்பட்டது. முன்னரே சிறு படகொன்றில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அக்கப்பலை விலைக்கு வாங்கி, அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். ஆனால் அதனைச் செலுத்திச் சென்றவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகள் இருந்தார்கள். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆந் தேதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது. கடலோடிகளான நம் மக்கள் தம் கப்பலுக்கு அன்னத்தின் தாயாருடைய பெயரை இட்டது பொருத்தமே. நல்ல காற்றும், நல்ல பாயும், நல்ல திசைகாட்டியும் இருந்தும், அன்னம் இல்லாவிடின் எந்தக் கப்பலும் கரை சேராது.

நம் காலத்து உதாரணம் ஒன்றையும் காண்போம். இந்தியக் கடற்படையின் தாரிணி என்னும் பாய்ப்படகு 56 அடி நீளமுடையது. ஒரிசா நாட்டுக் கடலோடிகள் வழிபடும் தாரா தாரிணி அம்மனின் பெயரே அதற்கு இடப்பட்டது. 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஆறு பெண் அதிகாரிகள் அதிலேறி, கோவாவிலிருந்து புறப்பட்டு, 2018ஆம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றி மீண்டார்கள். அதன் பின் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆந் தேதி இருவர் மட்டுமே அப்படகிற் புறப்பட்டனர். ஒருவர் புதுச்சேரித் தமிழ்ப் பெண்ணாகிய ரூபா அழகிரிசாமி. மற்றவர் கேரளத்துக் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. அவுஸ்திரேலியாவின் பிறிமாண்டில், நியூசிலாந்தின் லிற்றில்ரன், போக்லண்ட் தீவின் போட் ஸ்ரான்லி, தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் ஆகிய நான்கு துறைகளில் மாத்திரம் தங்கி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025ஆம் ஆண்டு மே 29ஆந் தேதி கோவாவுக்குத் திரும்பினார்கள். லிற்றில்ரனிலிருந்து போட் ஸ்ரான்லிக்குச் செல்ல ஏறத்தாழ ஆறு வாரங்கள் பிடித்தன. அவ்வழியிலே, 2025 ஜனவரி 30ஆந் தேதி, நேமோ முனை என்னும் இடத்தை அவர்கள் கடந்தனர். உலகிலே நிலத்துக்கு மிகத் தொலைவான கடற்புள்ளி அதுவே. எத்திசையிற் போனாலும் கரை 2,600 கிலோமீற்றருக்கு அப்பாலேதான். அங்கே நிற்பவருக்கு, 400 கிலோமீற்றர் உயரத்திலே பறக்கும் விண்வெளி நிலையத்து மனிதர்களே சில வேளைகளில் அண்டை வீட்டார் ஆவர்! அவ்விடத்திலே உப்புப் போதவில்லை என்றால், யாரிடம் கடன் கேட்பது?

ஆகவே கடற்சமையல் கரையிலே, காகிதத்திலே, கணக்கோடு ஆரம்பமாகிறது. இருவர், ஆறு வாரம், நாளுக்கு மூன்று வேளை என்று வையுங்கள். 42 நாளுக்கு 252 சாப்பாடு. காற்று விழுந்து படகு தாமதித்தால் என் செய்வது என்று பாதியளவு மேலதிகமாகச் சேர்த்தால் 378. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் நீரென்றால் அதுவும் 252 லீற்றர். கால் தொன் பாரம். பாரமானவை யாவும் படகின் அடித்தளத்திலே, நடுப்பகுதியிலே வைக்கப்படவேண்டும்; இல்லையேல் படகு தள்ளாடும். எந்தப் பொருள் எந்த அறையில் என்று ஏட்டிலே எழுதவேண்டும். தகரப் பேணிகளில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் ஊறிக் கழன்று போகுமாதலால், உள்ளே இருப்பது இன்னதென்று தகரத்தின் மேலேயே மையால் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பருப்பென்று திறந்த பேணியில் அன்னாசித்துண்டு இருக்கும். கடதாசிப் பெட்டிகளைக் கரையிலேயே விட்டுச்செல்வது வழக்கம். அவற்றின் மடிப்புகளிலே கரப்பான் முட்டைகள் ஒளிந்திருக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி, கோவா ஆகியவை பல வாரம் தாங்கும். வாழைக்குலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால், காய் முழுவதும் ஒரே நாளிற் பழுத்து, அன்று முழுவதும் வாழைப்பழமே ஆகாரமாகும்.

இனி, கடலிலே எவ்வாறு சமைப்பது? படகின் குசினி நமது வீட்டு அலுமாரியளவே இருக்கும். அடுப்பை இரு பக்கமும் அச்சிலே தொங்கவிட்டிருப்பார்கள். படகு இடப்பக்கம் சாய்ந்தாலும் வலப்பக்கம் சாய்ந்தாலும், கோயிலிலே தொங்கும் தூண்டாமணி விளக்கைப் போல, அடுப்பு மட்டமாகவே நிற்கும். பாத்திரம் வழுக்காதபடி அதனைச் சுற்றி இரும்புப் பிடிகள் உண்டு. சமைப்பவர் விழாதபடி இடுப்பிலே வாரைக் கட்டிக்கொள்வார். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோவது படகிலே மிகப் பயங்கரமான விபத்துகளில் ஒன்று. வைத்தியசாலை ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ளதல்லவா? ஆதலால் கடல் கொந்தளிக்கும் போது சமைப்பவர்கள், வெப்பமாயிருந்தாலும், நீர்புகாத தடித்த காற்சட்டையை அணிந்துகொள்வார்கள். மூடி இறுக்கிப் பூட்டப்படுவதால், சமையற்காரருக்கு உற்ற தோழன் நம் வீடுகளிலே கூவும் அதே அமுக்கச் சட்டிதான். உருண்டாலும் கொட்டாது, எரிபொருளும் மிச்சம். எரிவாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் படகின் அடியிலே சென்று தேங்கி, ஒரு தீப்பொறியில் வெடிக்கும். எனவே ஒவ்வொரு முறையும் சமைத்து முடிந்தவுடன் குழாயை மூடுவது கட்டாயம். உண்பது தட்டிலன்று, ஆழமான கோப்பையிலே; அதனை மடியில் வைத்து ஒரு கையாற் பிடித்துக்கொண்டு உண்ணவேண்டும். முதல் மூன்று நாள் கடல் மயக்கம் வாட்டும்; அப்போது வறட்டு விசுக்கோத்தும் இஞ்சியும் போதும். நடுச்சாமத்திலே காவல் இருப்பவருக்காக வெந்நீர்க் குப்பியிலே தேநீர் நிரப்பி வைப்பார்கள். அத்தேயிலையில் ஒரு பிடி நம் மலைகளில் விளைந்ததாகவும் இருக்கலாம்.

கடல்நீர் சுற்றிலும் இருக்க, நீருக்கு ஏன் இவ்வளவு கவலை என்று சிறுவர்கள் கேட்கலாம். ஒரு லீற்றர் கடல்நீரிலே ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அவ்வுப்பை வெளியேற்ற, குடித்த நீரிலும் அதிகமான நீரை நமது சிறுநீரகங்கள் உடலிலிருந்து இழக்கவேண்டும். ஆகவே குடிக்கக் குடிக்கத் தாகம் பெருகி, உடல் வற்றிப்போகும். சோறு வேகவைக்க மூன்று பங்கு நன்னீருடன் ஒரு பங்கு கடல்நீரைச் சேர்க்கும் சிக்கனம் மாத்திரம் உண்டு. அப்போது வேறு உப்பு வேண்டியதில்லை. இக்காலப் படகுகளிலே கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இருக்கிறது. இயந்திரம் பழுதானால் மழையே கதி. ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் என்னும் ஆங்கிலேயர், பம்பாயிலே இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தாற் கட்டிய சுஹைலி என்னும் 32 அடிப் படகிலே, 1968 ஜூனில் புறப்பட்டு, எத்துறையிலும் தங்காமல், 1969 ஏப்ரல் 22ஆந் தேதி உலகைச் சுற்றித் திரும்பினார். தனியொருவராக அவ்வாறு செய்த முதல் மனிதர் அவரே. பிரயாணத்தின் இடையிலே அவருடைய தொட்டி நீர் கெட்டுப்போயிற்று. பாயிலே வழிந்த மழைநீரைப் பிடித்துக் குடித்தே எஞ்சிய மாதங்களை அவர் கழித்தார்.

பண்டைக் கடலோடிகள் இந்தக் கணக்கையெல்லாம் உயிரைக் கொடுத்தே கற்றார்கள். 1520ஆம் ஆண்டின் இறுதியிலே மகெல்லனின் கப்பல்கள் பசிபிக் சமுத்திரத்திற் புகுந்தன. மூன்று மாதமும் இருபது நாளும் அவர்களுக்குப் புதிய உணவு எதுவும் கிடைக்கவில்லை என்று உடன் சென்ற பிகபெட்டா எழுதிவைத்தார். விசுக்கோத்து புழுவரித்துத் தூளாயிற்று. நீர் மஞ்சளாகி நாறிற்று. பாய்மரத்திற் கட்டியிருந்த மாட்டுத்தோலைக் கடலிலே ஊறவைத்து, தணலிலே வாட்டித் தின்றார்கள். எலி விலைக்கு விற்றது. ஈறு வீங்கிப் பலர் மாண்டனர். மகெல்லனும் பிலிப்பைன்ஸ் தீவிலே போரில் இறந்தார். ஒரேயொரு கப்பல், 1522 செப்டெம்பர் மாதம், 18 பேருடன் ஸ்பெயினுக்குத் திரும்பிற்று. அக்கப்பலின் வயிற்றிலே நிறைந்திருந்தது என்ன தெரியுமா? கராம்பு! திரும்பும் வழியிலே அரிசியும் நீருமன்றி வேறு ஆகாரமின்றி மாலுமிகள் சுருண்டு விழ, அவர்களின் காலடியிலே பெருஞ் செல்வம் மணத்துக்கொண்டிருந்தது. கராம்பு காயப்போடும் மாத்தளை முற்றங்களிலே இக்கதை நினைக்கத்தக்கது. சரக்கு வேறு, சாப்பாடு வேறு. ஏற்றுமதிக் கணக்கு நிறைந்திருக்கும் போதே அதனைச் சுமப்பவன் பசித்திருக்கக்கூடும்.

ஈறு வீங்கும் அந்நோய்க்கு மருந்து நம் வீட்டுக் குசினியிலே கிடக்கும் தேசிக்காய்தான். 1747ஆம் ஆண்டு மே மாதம், ஸ்கொத்லாந்து வைத்தியராகிய ஜேம்ஸ் லிண்ட், சோல்ஸ்பரி என்னும் கப்பலிலே நோயுற்றிருந்த பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நாளுக்கு இரண்டு தோடம்பழமும் ஒரு எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைவிற் குணமடைந்தனர். ஆயினும் ஆங்கிலக் கடற்படை மாலுமிகள் அனைவருக்கும் எலுமிச்சஞ் சாறு வழங்கக் கட்டளை பிறந்தது 1795ஆம் ஆண்டிலேதான். விடை தெரிந்த பின்னும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மனிதர் மடிந்தனர்! இக்காலப் படகோட்டிகள் பழம் தீர்ந்துபோனால் பயறை ஊறவைத்து முளைகட்டி உண்கிறார்கள். நம் பாட்டிமார் அறிந்த அதே முளைப்பயறு நடுச்சமுத்திரத்திலே உயிர் காக்கிறது.

சோறுண்ணும் நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் ஒன்று யப்பானிலே நிகழ்ந்தது. 1882 முதல் 1883 வரை நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் வழியே சென்ற ரியூஜோ என்னும் கடற்படைக் கப்பலிலே, 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி நோய் கண்டது. 25 பேர் இறந்தனர். மாலுமிகளின் உணவு பெரும்பாலும் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கிய அரிசிச் சோறு. கடற்படை வைத்தியராகிய தக்காகி கனேஹிரோ, 1884இலே வேறொரு கப்பலை அதே வழியிலே அனுப்பி, பார்லியும் இறைச்சியும் பாலும் முதலியவற்றை உணவிற் சேர்க்கச் செய்தார். நோய் கண்டவர் வெகு சிலரே, ஒருவரும் இறக்கவில்லை. தவிட்டை நீக்கும்போது அதனோடு உயிர்ச்சத்தும் நீங்குகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. நெல்லை அவித்துக் குற்றும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசியைத் தாழ்வாக எண்ணி, வெள்ளை வெளேரென்ற அரிசியையே கௌரவமாகக் கருதும் நம்மவர் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும்.

பெரியோர்களே, இதுவரை உணவுப் பொருளைப் பற்றிப் பேசினோம். இனி அதனை ஊட்டும் கையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதராகிய ஜோசுவா சுலோக்கம், 1895ஆம் ஆண்டிலே அசோர்ஸ் தீவை விட்டுப் புறப்பட்டபோது, அங்கே கிடைத்த பிளம்ஸ் பழத்தையும் வெண்பாற்கட்டியையும் சேர்த்து உண்டு, வயிற்றுவலியாற் சுருண்டு விழுந்தார். புயல் வீச, படகு தானே ஓட, அவர் அறையின் தரையிலே கிடந்தார். வேறொரு மாலுமி சுக்கானைப் பிடித்து நிற்பதாக அப்போது அவருக்கு மயக்கத்திலே தோன்றிற்றாம்! மனிதன் தனித்திருக்கையில் நோயுற்றால், அவன் மனம் ஒரு துணைவனைத் தானே படைத்துக்கொள்கிறது.

2018ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் தென்னிந்து சமுத்திரத்திலே இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமிக்கு நிகழ்ந்ததோ இதனிலும் கொடிது. தனியாகப் பந்தயத்திற் சென்ற அவருடைய படகு புயலிற் புரண்டு, பாய்மரம் முறிந்தது. முதுகிலே பலத்த காயம், எழ முடியவில்லை, உண்ணவும் குடிக்கவும் இயலவில்லை என்று செய்தி அனுப்பினார். படகிலே பல மாதத்துக்கு உணவு இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு கை இல்லை. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பலொன்று வந்து அவரை மீட்டது. அந்த வீரர் மனந்தளரவில்லை. 2022ஆம் ஆண்டு அதே பந்தயத்தில் மீண்டும் புறப்பட்டு, 2023 ஏப்ரலிலே இரண்டாமவராக வந்து சேர்ந்தார். ஆனால் அந்த மூன்று நாளும் நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு: உணவு இருப்பது மட்டும் போதாது, அதனை ஊட்டுவதற்கு ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவரும் சோர்ந்து விழாமல் இருக்கவேண்டும்.

இதனாலேயே பலர் செல்லும் பாய்ப்படகுகளிலே சில நியதிகள் ஏற்பட்டன. முதலாவது, சமையல் முறைவைத்து நடக்கும். இன்று சமைத்தவர் நாளை சுக்கான் பிடிப்பார். நேற்றுச் சுக்கான் பிடித்தவர் இன்று சட்டி கழுவுவார். சமையல் சிறிய வேலை, கப்பலோட்டுவது பெரிய வேலை என்ற பேதம் அங்கே செல்லாது. இரண்டில் எது தவறினும் படகு தவறும். இரண்டாவது, காவலுக்குப் போகிறவர் முதலில் உண்பார். காவலிலிருந்து இறங்கியவர் அடுத்து உண்பார். நாளைக்கு வரிசை மாறும். என்றைக்கும் கடைசியில் உண்பவர் என்று ஒருவர் இல்லை. மூன்றாவது, உணவு குறைந்தால் எல்லார் பங்கும் சமமாகக் குறையும். ஒருவர் இரகசியமாகத் தம் பங்கை விட்டுக்கொடுத்துப் பட்டினி கிடப்பதும் அங்கே தியாகமாகக் கருதப்படமாட்டாது. ஏனெனில் பசித்தவர் நடுச்சாமக் காவலிலே கண்ணயர்ந்தால் உறங்குகிறவர்களின் உயிரும் போகும். இருவர் மட்டும் செல்லும் படகிலோ, ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்குவார். இருவரும் ஒருங்கே இருந்து பேசக் கிடைப்பது காவல் மாறும் சாப்பாட்டு வேளையே. அங்கே சாப்பாடு உடம்புக்கு மாத்திரமன்று, உறவுக்கும் உணவாகிறது.

இப்போது நம் வீட்டை நோக்குவோம். தோட்டத்திலே கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் விடியுமுன் எழுகிறாள். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பெரட்டுக்கு ஓடுகிறாள். நாள் முழுதும் மலைச்சரிவிலே நின்று கூடை சுமந்து, மாலையில் லயத்துக்கு வந்து, மறுபடியும் அடுப்பு மூட்டுகிறாள். கணவனும் பிள்ளைகளும் உண்ட பின் பானையில் எஞ்சியது அவளுக்கு. தோட்டத்திலே மாத்திரமா? நகரத்திலே காரியாலயத்துக்குச் செல்லும் தாயின் நிலையும் பெரும்பாலும் இதுவே. இரண்டு காவலையும் ஒருவரே பார்க்கும் கப்பல் நம் இல்லம். கடலிலே எந்தக் கப்பித்தானும் இதனை அனுமதிக்கமாட்டான். இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. நம் கண்களே சாட்சி.

2022ஆம் ஆண்டிலே எமது நாட்டுக்குப் பொருளாதார நெருக்கடி நேர்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அரிசியும் மாவும் எட்டாத விலை. ஒரு வேளை உணவைக் குறைத்த குடும்பங்கள் எத்தனையோ! அப்போது எல்லார் பங்கும் சமமாகக் குறைந்ததா? முதலில் வெறுமையான தட்டு யாருடையது? ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை எண்ணி, தமக்குள்ளே விடை கூறிக்கொள்ளட்டும்.

தாய் அன்பினால் அல்லவா கடைசியில் உண்கிறாள், அது நம் பண்பாடு அல்லவா என்று பெரியோர் சிலர் கேட்கலாம். அவ்வன்பை நாம் வணங்குகிறோம். அதனாலேயே நாம் வளர்ந்தோம். ஆயினும் அன்னபூரணியின் திருவுருவத்தைச் சற்றே உற்றுநோக்குங்கள். பூரணி என்றால் நிறைந்தவள் என்பது பொருள். அன்னமிடும் தாய் பசித்திருப்பவளென்று நம் முன்னோர் அவளுக்குப் பெயரிடவில்லை. இரந்து நிற்பவரோ உலகாளும் பெருமான். அவரே ஓடேந்தி வரிசையில் நிற்கத் தயங்கவில்லையென்றால், நம் வீட்டு ஆண்பிள்ளைகள் சட்டியேந்திக் கழுவ நிற்பதிலே என்ன குறைவு வந்துவிடும்? தாய் விட்டுக்கொடுப்பது அவளுடைய பெருமை. அதனை நாள்தோறும் வாங்கிக்கொள்வது நம்முடைய பெருமையாகாது.

ஆகவே மன்றத்து இளைஞர்களிடம் சில சிறு காரியங்களைப் பணிவோடு வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு நாளேனும் வீட்டுச் சமையலை ஆண்பிள்ளைகள் ஏற்கட்டும். சோறும் பருப்பும் ஒரு சம்பலும் ஆக்கத் தெரியாத பட்டதாரியைக் கடற்படகிலே ஏற்றமாட்டார்கள் என்பதை நினைவிற் கொள்ளட்டும். நாளில் ஒரு வேளையாவது வீட்டார் எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்ணட்டும். தாய் அமராமல் ஒருவரும் கோப்பையைத் தொடாதிருக்கட்டும். திருவிழாக் காலத்தில் மன்றம் அன்னதானம் செய்யும்போது, எவ்வளவு அரிசி இட்டோம், எத்தனை பேர் உண்டனர், எவ்வளவு மிஞ்சிற்று என்பதை ஒரு கொப்பியிலே எழுதிவைப்போம். இரண்டு மூன்று ஆண்டுகளில் வீணாவது பாதியாய்க் குறையும். கிடாரம் கழுவுவது, விறகு சுமப்பது, காய்கறி நறுக்குவது யாவற்றுக்கும் பெயர் எழுதி முறை வைப்போம். அம்முறையிலே செயலாளரின் பெயரும் இருக்கட்டும், புதிதாய்ச் சேர்ந்த சிறுவனின் பெயரும் இருக்கட்டும். அன்று அதிகாலை முதல் அடுப்படியில் நின்றவர்களைப் பந்தியில் முதலில் அமர்த்துவோம். பந்தியிலே குலமும் பணமும் கேளாமல் வந்தவர் வந்த வரிசையில் அமரட்டும். அலைகளுக்கு நடுவிலே யார் கையாற் சமைத்தது என்று எவரும் கேட்பதில்லை.

இவை பெரிய சீர்திருத்தங்களல்ல. ஒரு படகின் குசினியிலே இருவர் செய்வதுதான். நேமோ முனையிலே, பனிக்காற்று வீச, ஆளுயர அலைகள் மோத, ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு மலையாளப் பெண்ணும் முறைவைத்து அடுப்பை மூட்டி, ஒருவருக்கொருவர் கோப்பையை நீட்டி, எட்டு மாதம் கழித்து நலமாகக் கரை சேர்ந்தார்கள். ஆடாத தரையிலே, அண்டை வீட்டார் சூழ, கிணறும் குழாயும் அருகிருக்க வாழும் நமக்கு அது இயலாதா?

இக்கூட்டத்தின் முடிவிலே சிற்றுண்டி வழங்கப்படும் என்று தலைவர் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதனைக் காலையிலிருந்து ஆயத்தஞ் செய்த சகோதரிகள் இன்று முதல் வரிசையில் அமரட்டும். பரிமாறும் வேலையை மன்றத்து ஆண் அங்கத்தவர்கள் ஏற்குமாறு கேட்டு, எமது பேச்சை முடித்துக்கொள்கிறோம்.